எட்டாவது கட்டம்

ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்
எங்கள் ஸ்கேன் சென்டர்.
நுழைந்ததும் நான்தான்.
பெயர், வயது, ஊர், புருஷன் பெயர்,
தெரு, செல் நம்பர், கடைசி மாதவிலக்கு.
ஏழு கட்டத்தை நான் நிரப்பினால்
எட்டாவதை கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும்:
பிரசவ தேதி.

முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில்
எல்லாவற்றையும் சத்தமாய்த்தான் கேட்பேன்.
ஃபேன் அப்படி இரையும்.
பதிலையும் சத்தமாய்ச் சொல்லவைப்பேன்.

கார்த்திகையில் முக்கூடலிலிருந்து ஒருத்தி,
பிரம்மசக்தி, இருபத்தாறு.
மாதவிலக்குத் தேதியை மட்டும் வாயால் சொல்லாமல்
என் பேனாவை வாங்கி
உள்ளங்கையில் எழுதிக் காட்டினாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஜூலை மூன்று என்றது கம்ப்யூட்டர்.

தை பிறந்து பால்பவுடர் கம்பெனிப் பையன் வந்தான்.
டை கட்டிய, பணிவான பையன்.
"நோய்நொடி விவரமெல்லாம் வேண்டாம் மேடம்,
நம்பரும் தேதியும் போதும்."
அருள்தாசன் சாரிடம் கேட்டேன்.
"குடேன், அதுல என்ன இருக்கு" என்றார்
ஜெனரேட்டர்காரரோடு பேசிக்கொண்டே.
ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு வரிசை.
பென்டிரைவில் ஏற நாலு வினாடிகூட ஆகவில்லை.
மறுவாரம் ஒரு சுவர்க்கடிகாரம் வந்தது,
கொழுகொழுப் பிள்ளைப் படத்தோடு.
என் தலைக்கு மேலே மாட்டினோம்.

ஜூலை ஐந்து.
பிரம்மசக்தி டோக்கன் வாங்கவில்லை.
போனை மேசையில் வைத்துத் திருப்பினாள்:
'வாழ்த்துகள் அம்மா! குட்டிப் பாப்பா வந்தாச்சா?'

"மார்கழியிலயே கலைஞ்சிட்டுக்கா.
எனக்கும் அவுகளுக்குந்தான் தெரியும்.
உண்டானதையே வீட்ல சொல்லல.
முந்தாநா இவுஹ போன் போட்டப்ப
நான் குளிக்கப் போயிருந்தேன்.
எடுத்தது எங்க மாமியா."

கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"நான் வேற எங்கயும் தேதி சொல்லலக்கா.
இங்கனகூட வாயத் தொறக்கல."

மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன்.
"டோக்கன் நம்பர் பதினேழு" என்றுதான் வந்தது.

கன்னடியன் கால்வாயில் மடை திறக்கிறவருக்கு
தண்ணீர் யார் வயல்வரை போகுமென்று தெரியும்.
போதுமென்றால் அடைக்கவும் தெரியும்.
நான் திறந்தது எங்கே பாய்ந்ததென்று
எனக்கும் தெரியாது
டை கட்டிய பையனுக்கும் தெரியாது.
அவன் இப்போது கோயமுத்தூரில்
வேறு கம்பெனியில் இருக்கிறானாம்.

கம்பெனிக்கு நானே போன் போட்டேன்.
அந்த நம்பரை எடுத்துவிடச் சொன்னேன்.
"கண்டிப்பா மேடம்,
சரிபார்க்க உங்க செல் நம்பர், பிறந்த தேதி சொல்லுங்க."
பாதி சொல்லிவிட்டேன்.
பழக்கம்.

இப்போது சீட்டும் பேனாவும் கொடுக்கிறேன்,
எழுதித் தருகிறார்கள்.
எழுதத் தெரியாதவர்கள் பக்கத்தில் வந்து
காதோடு சொல்கிறார்கள்.
தெரு வேண்டாம், புருஷன் பெயர் வேண்டாம் என்றேன்.
சாருக்குக் கோபம்.
"ரெண்டு கட்டம் காலியால்லா கெடக்கு!"
கெடக்கட்டும் சார் என்றேன்.
பென்டிரைவ் செருகும் துளையில்
பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். அதையும் பார்த்துவிட்டார்,
இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.
கடிகாரத்தைக் கழற்றச் சொல்ல
எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

ராத்திரி பஸ்ஸில் போகும்போது நினைப்பேன்.
முக்கூடலில் பிறக்காத அந்தப் பிள்ளை
லிஸ்ட்டுக்குள் வளர்ந்துகொண்டிருக்கிறது.
ஆறாம் மாதம் அதற்குக் கூழ்மாவு வரும்.
பல் முளைக்கையில் பேஸ்ட்.
அடுத்த ஜூலை மூன்றில்
கேக்குக்கு இருபது சதவீதம் தள்ளுபடி.
மூன்று வயதானால் பெருமாள்புரத்தில்
ஏதோ ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து
குழைவான குரலில் ஒருத்தி கூப்பிட்டு
அட்மிஷன் போட்டுட்டியளா என்று கேட்பாள்.

அவளுக்கும் யாரோ கொடுத்திருப்பார்கள்
ஒரு நம்பரும் ஒரு தேதியும்.